தங்கை ஜியாக்ரபி படிக்கட்டுமா?

கேள்வி: மதுராந்தகம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பா இல்லை. நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன், வீட்டுச் செலவு என் சம்பளத்தில்தான். தங்கை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து பிளஸ் டூவில் 600-க்கு 487 எடுத்திருக்கிறாள். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் பி.எஸ்சி. ஜியாக்ரபி கிடைத்திருக்கிறது. அதுதான் வேண்டும் என்கிறாள். சொந்தக்காரர்கள், ‘ஜியாக்ரபி படிச்சிட்டு மேப் விக்கப் போறாளா?’ என்று சிரிக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு தனியார் கல்லூரியில் பி.காம். சி.ஏ. சேர்க்கலாம் என்பது என் எண்ணம். ஜியாக்ரபிக்கு வேலை உண்டா? ஐ.ஏ.எஸ்.ஸுக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா? இன்னொன்று, அந்தப் படிப்பில் டூர் கூட்டிப் போவார்களாம். பெண் பிள்ளையை அப்படி வெளியூர் அனுப்புவதில் எங்களுக்கு இஷ்டமில்லை. டூர் போகாமல் அந்தப் படிப்பை முடிக்க முடியாதா?
- பெயர் வேண்டாம், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: தம்பி, கடைசியில் போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்களே, அந்த டூர் விஷயத்தையே முதலில் பேசிவிடலாம். உங்கள் மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அதில்தான் இருக்கிறது.

டூர் போகாமலும் பரீட்சை எழுதலாம், பாஸும் பண்ணலாம். களப்பயண அறிக்கைக்கு உள்ள மார்க்கைப் பக்கத்துத் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதி வாங்கிவிடுகிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் அப்படிப் படித்த ஜியாக்ரபி பட்டத்துக்கு உங்கள் சொந்தக்காரர்கள் சிரிப்பது சரிதான். வெளியே அனுப்ப மாட்டோம் என்று முடிவே செய்துவிட்டீர்கள் என்றால் பி.காம். சேர்த்துவிடுங்கள். அது உட்கார்ந்து படிக்கிற படிப்பு, மூன்று வருடத்தில் கௌரவமாக முடிப்பாள். ஜியாக்ரபி நடந்து படிக்க வேண்டிய படிப்பு.

நடப்பது என்றதும் ஊட்டி, கொடைக்கானல் என்று யோசிக்காதீர்கள். கல்லூரி வாசலைத் தாண்டி காமராஜர் சாலையைக் கடந்தாலே ஒரு பாடம் இருக்கிறது. அத்தனை அகலமான மெரினா மணல் ஆதியிலிருந்தே அங்கே கிடந்ததில்லை. ஒரு காலத்தில் கடல் ஜார்ஜ் கோட்டைக்கு மிக அருகில் இருந்தது. 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். நம் கிழக்குக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். மழைக்கால மாதங்களில் திசை மாறினாலும், வருடக் கணக்கு பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். அந்த மணல் துறைமுகச் சுவரில் முட்டி நின்று தெற்குப் பக்கம் சேர்ந்துகொண்டே வந்தது. மெரினா அகன்றது. ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பக்கம் போய்ச் சேர வேண்டிய மணல் போகவில்லை, அங்கே கடல் கரையைத் தின்றது. இன்றும் வடசென்னையில் கருங்கல்லைக் கொட்டிக் கொட்டித்தான் கரையைக் காப்பாற்றுகிறார்கள். ஒரு பக்கம் நாம் சுண்டல் சாப்பிட இடம் கிடைத்தது, இன்னொரு பக்கம் மீனவர்களுக்கு வீடு போனது. இரண்டுக்கும் ஒரே சுவர்தான் காரணம்.

இதைப் புத்தகத்தில் படித்தால் அரைப் பக்கம். மெரினாவில் ஒரு காலை, காசிமேட்டில் ஒரு காலை நின்று பார்த்த பெண்ணுக்கு அது ஆயுசுக்கும் மறக்காது. அடுத்த முறை ஏதாவது ஊரில் கடலுக்குள் சுவர் கட்டுகிறார்கள் என்று செய்தி வந்தால், வடக்கே எந்தக் குப்பம் அடிபடும் என்று அவள் வாய் கேட்கும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிவதுதான் இந்தப் படிப்பு.

உங்கள் ஊர் மட்டும் என்ன குறைச்சல்? மதுராந்தகம் ஏரிக்கரையில் வளர்ந்த பெண் ஜியாக்ரபி கேட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஏரி காத்த ராமர் கதையைச் சொல்லித்தான் உங்களை வளர்த்திருப்பார்கள். கலெக்டர் பிளேஸ் துரை, கரை உடையும் என்று பயந்துபோய் மழையில் பார்க்கப் போன இரவில், ராமரும் லட்சுமணரும் கரையைக் காவல் காத்தார்கள் என்று. கதை இருக்கட்டும். அந்த ஏரிக்கு எந்தெந்த ஊரின் தண்ணீர் வருகிறது, மேலே எத்தனை ஏரி நிரம்பி வழிந்தால் இது நிரம்பும், உபரி நீர் கிளியாற்றில் விழுந்து பாலாற்றுக்குப் போகும் வழியில் யார் வயலுக்குள் புகும், இதையெல்லாம் வரைபடமாகப் போட்டால் மூன்றாம் வருட புராஜெக்ட் வீட்டு வாசலிலேயே தயார். சென்னைப் பிள்ளைகளுக்கு இந்த வசதி கிடையாது.

சரி, மூன்று வருடம் என்னதான் சொல்லிக்கொடுப்பார்கள்? கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். நிலவடிவங்கள், வானிலை, கடல், மக்கள் தொகை, குடியிருப்பு, வேளாண்மை, இந்தியா, தமிழ்நாடு என்று தியரி. எல்லாப் பாடத்திலும் இருக்கிற மாதிரிதான், அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உயிர் இருப்பது பிராக்டிகலில். மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் டோப்போஷீட்டை, அதாவது மேடு பள்ளம் முதல் வீடு வரை காட்டும் விரிவான வரைபடத் தாளைக் கையில் கொடுப்பார்கள். 1:50,000 அளவு, அதாவது தாளில் 2 செ.மீ. என்றால் நிலத்தில் 1 கி.மீ. பழுப்புக் கோடு உயரம், நீலம் தண்ணீர், மஞ்சள் சாகுபடி நிலம், சிவப்பு வீடும் ரோடும். ஒரு ஊருக்குப் போகாமலேயே, அங்கே ஏன் ரோடு வளைகிறது, ஏன் மேட்டில் மட்டும் வீடுகள் இருக்கின்றன என்று அந்தத் தாளை வைத்துச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் பிள்ளைகள் விழிப்பார்கள். மூன்றாவது, நான்காவது ஷீட்டில் கண் திறந்துவிடும்.

அப்புறம் சர்வே, அதாவது நில அளவை. நீளம் அளக்கச் சங்கிலி, திசைக் கோணம் பார்க்க பிரிஸ்மாட்டிக் காம்பஸ், நின்ற இடத்திலேயே மேப் வரைய பிளேன் டேபிள் என்று கல்லூரி மைதானத்திலேயே வெயிலில் நிற்க வைப்பார்கள். ‘இந்தக் காலத்தில் எதுக்கு இது?’ என்று அவள் சலித்துக்கொண்டால் பரங்கிமலை பக்கம் கையைக் காட்டுங்கள். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவே 100 அடிச் சங்கிலியை நீட்டி நீட்டி சுமார் 12 கி.மீ. நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளந்தார். இந்தியத் துணைக்கண்டத்தை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய சர்வே அந்தக் கோட்டிலிருந்துதான் கிளம்பியது. இமயமலையின் உயரம் வரை போனது அந்த வேலை. மைதானத்தில் அவள் படிப்பதும் அதே கணக்குதான்.

இனி கல்லூரி. 1914-ல் தொடங்கிய கல்லூரி அது, சென்னை நகரின் முதல் பெண்கள் கல்லூரி. டொரத்தி டி லா ஹே என்ற ஆங்கிலேயப் பெண்மணிதான் முதல் முதல்வர். 2003-ல் அந்த வளாகத்தை இடித்துத் தலைமைச் செயலகம் கட்டப்போகிறோம் என்று அரசு சொன்னபோது, மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். திட்டம் நின்றது. வெளியூர்ப் பெண்கள் அங்கே போனால் பயந்து ஒடுங்கிவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

பழைய அரசுக் கல்லூரிகளைப் பற்றி ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பேர் பெரிசு, செலவு சிறிசு. ஆனால் யாரும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக மாட்டார்கள். அரசுக் கல்லூரிகளில் காலியிடங்களைக் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுவது ஊரறிந்த கதை. லேபில் கம்ப்யூட்டர் போதாமல் இருக்கலாம். வேலைக்கு ஆள் எடுக்க கம்பெனிகள் வாசலில் வரிசையில் நிற்காது. கேட்கிற பிள்ளைக்கு அங்கே எல்லாம் கிடைக்கும்: பழைய மேப்புகள், வருடக்கணக்காகப் பாடம் எடுத்த பேராசிரியர்கள், மேலே படிக்கிற சீனியர் அக்காக்கள். கேட்காத பிள்ளை மூன்று வருடம் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். உங்கள் தங்கை எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் சிரித்தும் பிடிவாதமாக நிற்கிறாள் என்பதால் முதல் ரகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேலை. முதலில் ஐ.ஏ.எஸ். பேச்சை ஓரமாக வையுங்கள். சிவில் சர்வீஸ் மெயின் தேர்வில் ஜியாக்ரபியை விருப்பப் பாடமாக எடுக்கலாம், இரண்டு தாள், 500 மார்க். பொது அறிவுத் தாளிலும் ஜியாக்ரபி வரும். அது லாபம்தான். ஆனால் அதை விருப்பப் பாடமாக எடுக்க ஜியாக்ரபி பட்டம் வேண்டும் என்று கட்டாயமே இல்லை, இன்ஜினியரிங் முடித்தவர்கள்கூட எடுக்கிறார்கள். ‘ஐ.ஏ.எஸ். ஆகிவிடுவாள்’ என்ற நினைப்பில் சேர்த்தால், நாலு வருடம் கழித்து அந்தப் பாரத்தை அவள் தலையில்தான் வைப்பீர்கள். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்கு உதவும் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

நிதானமான வழி ஆசிரியர் வேலை. பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வும் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) தேர்வும் எழுதித் தேறினால் பட்டதாரி ஆசிரியர். எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் இருந்தால் மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர். எப்போது அறிவிப்பு வரும் என்பதுதான் இதில் தலைவலி, வருடா வருடம் வரும் என்று நம்பியிருக்க முடியாது.

இன்னொரு வழி ஜி.ஐ.எஸ். கம்ப்யூட்டரில் வரைபடமும் தகவலும் சேர்கிற துறை இது. எந்தத் தெருவில் குழாய் போகிறது, வெள்ளம் வந்தால் எந்த வார்டு மூழ்கும், செல்போன் டவரை எங்கே வைப்பது, எல்லாமே இப்போது மேப்பில்தான் முடிவாகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் இதன் அருமை தெரியாதவர்கள் இல்லை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடத் தகவல் மீதான பழைய கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி வாங்காமலேயே மேப் தயாரிக்க வழி வந்தது. (உங்கள் சொந்தக்காரர்களிடம் சொல்லுங்கள், மேப் விற்பது நல்ல தொழில்தான். அவர்களும் போனில் மேப்பைப் பார்த்துத்தான் கல்யாண மண்டபத்துக்கு வழி கண்டுபிடிக்கிறார்கள்.)

ஆனால் பி.எஸ்சி.யோடு நின்றால் இந்தத் துறையில் முதல் வேலை பெரும்பாலும் சாட்டிலைட் படத்தின் மேல் நாள் முழுக்கக் கோடு இழுப்பதாக இருக்கும். சம்பளமும் சுமார்தான். அதிலிருந்து மேலே வர எம்.எஸ்சி. வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம், திருச்சி பாரதிதாசன், மதுரை காமராசர் என்று நம் ஊரிலேயே துறைகள் இருக்கின்றன. நுழைவுத் தேர்வு எழுதி டெல்லி ஜே.என்.யு. போகிறவர்களும் உண்டு. ஆக, மூன்று வருடத்தில் சம்பாதிக்க ஆரம்பிக்க வேண்டும் என்பது உங்கள் வீட்டு நிலைமை என்றால் அதை இப்போதே அவளிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். ஐந்து வருடம் தாங்குவீர்கள் என்றால் பயமில்லாமல் சேருங்கள்.

தாங்குவதற்குச் சில வழிகள் இருக்கின்றன. அரசுக் கல்லூரியில் வருடக் கட்டணம் சில ஆயிரங்களைத் தாண்டாது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ₹1,000 வரும், சேர்ந்தவுடன் கல்லூரியிலேயே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தமிழ் வழிப் பிரிவு இருந்தால் யோசித்து முடிவெடுங்கள். பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலைகளில் 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. நடுவில் ஆங்கில வழிக்கு மாறினால், பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் பதவிகளில் அந்த உரிமை போய்விடும். ஆனால் ஜி.ஐ.எஸ். பக்கமும் டெல்லிப் பக்கமும் போகிற எண்ணம் இருந்தால் ஆங்கிலத்தில் எழுதப் பழகியே ஆக வேண்டும். நானாக இருந்தால் தமிழ் வழியில் சேர்த்துவிட்டு, ரெக்கார்டு நோட்டை மட்டும் ஆங்கிலத்திலும் எழுதிப் பார்க்கச் சொல்வேன்.

மதுராந்தகத்திலிருந்து தினமும் போய்வருவது வேண்டாம். ரயிலிலும் பஸ்ஸிலும் நாலைந்து மணி நேரம் போய்விட்டால், சர்வேக்கும் லைப்ரரிக்கும் அவளிடம் தெம்பு இருக்காது. கல்லூரியிலேயே விடுதி இருக்கிறது, சேருகிற அன்றைக்கே கேளுங்கள்.

மறுபடியும் டூர். ஆசிரியர்கள் கூட வருவார்கள், போகிற இடம் முன்கூட்டியே தெரியும், பெண்கள் கல்லூரி என்பதால் கூட வரும் பிள்ளைகளும் பெண்களே. இதற்கு மேல் என்ன பாதுகாப்பு வேண்டும் என்று துறைத் தலைவரை நேரில் பார்த்து நீங்களே கேளுங்கள். எங்கே தங்குகிறார்கள், எத்தனை ஆசிரியைகள் வருகிறார்கள் என்று விசாரிப்பது அண்ணனுக்கு உள்ள உரிமை, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் விசாரித்த பிறகு கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அவளுக்குப் பின்னால் வேலை என்று வந்தாலும் ஜி.பி.எஸ். கருவியைக் கையில் கொடுத்து, முன்பின் தெரியாத ஊருக்குத்தான் அனுப்புவார்கள்.

லேப்டாப்புக்கு இப்போதே கடன் வாங்காதீர்கள். முதல் வருடம் பென்சில், ஸ்கேல், ட்ரேசிங் பேப்பர் போதும். இரண்டாம் வருடம் 8 ஜி.பி. ராம் உள்ள ஒன்றை, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, வாங்கிக்கொடுங்கள். கியூ.ஜி.ஐ.எஸ். என்ற மேப் போடும் மென்பொருள் இலவசம். இஸ்ரோவின் புவன் தளத்திலும் அமெரிக்காவின் லேண்ட்சாட் தொகுப்பிலும் சாட்டிலைட் படங்கள் காசில்லாமல் கிடைக்கும். டேராடூனில் உள்ள இஸ்ரோவின் தொலையுணர்வு நிறுவனம் ஆன்லைனில் இலவச வகுப்புகள் நடத்துகிறது, சான்றிதழும் தருகிறது. ‘ஆறு மாதத்தில் ஜி.ஐ.எஸ். எக்ஸ்பர்ட்’ என்று விளம்பரம் செய்யும் சென்டர்களுக்கு, இதையெல்லாம் முயன்று பார்ப்பதற்கு முன்னால் பணம் கட்ட வேண்டாம்.