ஆண்டுக்கு நூறு கிலோமீட்டர் ஓடும் பழைய காருக்கு எந்தப் பதிவு, எந்த இன்சூரன்ஸ்?

கேள்வி: அப்பா 1971-ல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டு ஷெட்டில் நிற்கிறது. புதுச்சேரிப் பதிவு. அப்பா காலமாகி ஆறு மாதம் ஆகிறது. ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) அவர் பெயரில்தான் இருக்கிறது. அதுவும் இன்சூரன்சும் போன வருடமே முடிந்துவிட்டன. நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். ஆயுத பூஜை, பொங்கல், திருவந்திபுரம் கோயில் என்று வருடத்துக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டினால் அதிகம். வின்டேஜ் பதிவு செய்தால் செலவு குறையும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். காரணம், நீங்கள் சொன்ன திருவந்திபுரம் பயணம்தான். வின்டேஜ் பதிவுக்கான விதிகள் 2021 ஜூலையில் வந்தன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின் மாற்றப்படாமல் இருந்தால் உங்கள் கார் தகுதி பெறும். ஆனால் அப்படிப் பதிந்த காரை கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். கோயில் அந்தப் பட்டியலில் இல்லை.

செலவும் பெரிதாகக் குறையாது. வின்டேஜ் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். சாதாரணப் பதிவைப் புதுப்பிக்க, 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட் திருத்தத்தின்படி 10,000 ரூபாய், ஐந்தாண்டு செல்லும். இரண்டுமே ஆண்டுக்கு 2,000 ரூபாய்தான். பசுமை வரியும் தாமதக் கட்டணமும் தனி. வின்டேஜ் பதிவில் உண்மையான சலுகை ஒன்று உண்டு: தேர்டு பார்ட்டி (நம் வண்டியால் மற்றவருக்கு நேரும் இழப்புக்கான கட்டாய இன்சூரன்ஸ்) பிரீமியம் பாதி. ஹெரால்டு 948 சி.சி., ஆயிரத்துக்கும் கீழ். அதற்கு 2,094 ரூபாய் என்பதால் மிச்சம் 1,047 ரூபாய், அவ்வளவே. சேத இன்சூரன்சிலும் (நம் வண்டிக்கே நேரும் சேதத்துக்கானது) வின்டேஜுக்கு 25 சதவீதத் தள்ளுபடி என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பழைய கட்டண விதிப்புத்தகத்தில் அந்தச் சலுகை 31.12.1940-க்கு முன் தயாரான கார்களுக்குத்தான்.

இப்போது வேலையின் வரிசை. இதில்தான் பலர் சிக்குகிறார்கள். வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31. இறந்த மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும், தாமதமானாலும் இதுதான் வழி. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபனையில்லாக் கடிதம் தேவை. அதோடு படிவம் 25-ல் புதுப்பித்தல். இரண்டையும் புதுச்சேரியிலேயே முடியுங்கள். அதற்குப் பிறகு கார் கடலூரில் 12 மாதத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் மட்டும் படிவம் 28-ல் என்.ஓ.சி. (ஆட்சேபனையில்லாச் சான்று) வாங்கி, தமிழ்நாட்டு எண்ணுக்கும் வரிக்கும் போகவேண்டும். ஷெட் முத்தியால்பேட்டையில் இருப்பதால், அங்கேயே நிற்கட்டும் என்பேன். அம்மா அந்த வீட்டில் இருந்தால் அவர் பெயருக்கே மாற்றுவது இன்னும் எளிது.

கையால் எழுதிய பழைய ஆர்.சி. புக் என்றால் கணினியில் விவரம் இருக்காது. முதலில் பேக்லாக் என்ட்ரி (பழைய விவரத்தைக் கணினியில் ஏற்றுவது) போடச் சொல்லுங்கள். புக்கில் உள்ள இன்ஜின் எண்ணை வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எப்போதோ இன்ஜின் மாற்றிவிட்டுப் பதியாமல் விட்டிருந்தால் ஆய்வில் நிறுத்துவார்கள். நெடுநாள் நின்ற காரில் பழைய பெட்ரோலை இறக்கி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்த பிறகே புகைச் சோதனைக்குப் போங்கள். கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆய்வுக்கு ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். பதிவில்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் வரை, இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் 2,000 ரூபாய் அபராதம். அதைவிட முக்கியம், இன்சூரன்ஸ் இல்லாதபோது யார் மீதாவது மோதினால் நட்டஈடு முழுவதும் உங்கள் தலையில்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் இன்சூரன்ஸ் கேட்பார்கள். அப்பா பெயரில் ஆன்லைனில் எடுத்துவிடாதீர்கள். இறந்தவர் பெயரிலான பாலிசி கிளெய்ம் நேரத்தில் கைவிடும். பொதுத்துறை நிறுவனக் கிளைக்கு நேரில் போய், வாரிசுச் சான்றிதழைக் காட்டி, முதலில் தேர்டு பார்ட்டி மட்டும் வாரிசு பெயரில் கேளுங்கள்: ஜி.எஸ்.டி.யோடு 2,471 ரூபாய். ஆர்.சி. புதுப்பித்த பிறகு சேதப் பகுதியைச் சேர்க்கலாம். பதிவு காலாவதியான வண்டிக்கு அந்தப் பகுதி பயன்படாது. தற்காலிகப் பதிவு முடிந்த கார் திருடுபோன வழக்கில், நிறுவனம் பணம் தரவேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொல்லிவிட்டது.

ஷெட்டிலேயே நிற்கும் வண்டிக்குத் தீ, திருட்டுக்கு மட்டும் மலிவான பாலிசி உண்டு. நம் ஊருக்கு அது போதாது. தானே புயல் 2011-ல், வெள்ளம் 2015-ல், ஃபெஞ்சல் புயல் 2024-ல். இங்கே நிற்கும் காரைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீரும் விழும் மரமும். அவை தேர்டு பார்ட்டியும் சேதப் பகுதியும் சேர்ந்த முழு பாலிசியில்தான் வரும். ஷெட்டில் தண்ணீர் ஏறினால் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள்; அப்படி உடையும் இன்ஜினைப் பின்விளைவுச் சேதம் என்று தள்ளிவிடுவார்கள். போட்டோ எடுத்து, கட்டி இழுத்துப் போங்கள்.

முழு பாலிசியில் நீங்கள் போராட வேண்டிய இடம் ஐ.டி.வி., அதாவது பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு. ஐந்தாண்டு தாண்டிய காருக்கு அது இரு தரப்பும் பேசி முடிவு செய்யும் தொகை. 40,000 ரூபாய் என்று அவர்கள் போட, நீங்களும் பிரீமியம் குறைகிறதே என்று தலையாட்டினால், பழுதுச் செலவு அதில் 75 சதவீதத்தை, அதாவது 30,000 ரூபாயைத் தாண்டியதும் வண்டி மொத்த இழப்பு; பழுதுக்குப் பதில் அந்த ஐ.டி.வி.யோடு கணக்கை முடித்துவிடுவார்கள். ஹெரால்டின் பானட் மட்கார்டோடு சேர்ந்து ஒரே துண்டாகத் தூக்கும். ஒரு மோதலுக்கே அந்தத் தொகை போய்விடும். உரிமம் பெற்ற இன்சூரன்ஸ் சர்வேயரிடம் மதிப்பீட்டு அறிக்கை வாங்கி, மூன்று லட்சம் என்று வந்தால் அதையே கேளுங்கள். சேதப் பகுதிக்குப் பழைய கட்டண விதிப்புத்தகத்தின் விகிதம் 3.267 சதவீதம்: 9,801 ரூபாய். தேர்டு பார்ட்டியும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்துச் சுமார் 14,000. இப்போது சேதப் பகுதிக்கு விலை வைப்பது நிறுவனத்தின் விருப்பம் என்பதால் பேரம் பேசலாம். நூறு கிலோமீட்டருக்கு இவ்வளவா என்று தோன்றும். வண்டி ஷெட்டில் நிற்கும் அத்தனை நாளுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பணம். பத்தாண்டு தாண்டிய காரின் உலோகப் பாகங்களுக்கும், ரப்பர், டயர், பேட்டரிக்கும் பாதித் தொகைதான் தருவார்கள்; கண்ணாடிக்குப் பிடித்தம் இல்லை.

பாலிசி வந்ததும் சேசிஸ் எண், இன்ஜின் எண், ஐ.டி.வி. மூன்றையும் ஆர்.சி.யோடும் அறிக்கையோடும் ஒத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அதே வாரத்தில் திருத்தம் எழுதி வாங்குங்கள்.