அழித்த ஃபைல், குழம்பிய ஃபோல்டர்: கிட் (ஃபைல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) கேள்வி-பதில்

கே: ஃபைல் டெலிட் ஆகிவிட்டது. மீட்க முடியுமா? (வேளச்சேரி)

எப்படி அழித்தீர்கள், கமிட் (மாற்றத்தை கிட்டில் பதிவது) ஆனதா என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? முதலில் கிட் ஸ்டேட்டஸ் பாருங்கள். எக்ஸ்ப்ளோரரில் அழித்திருந்தால் கிட் ரீஸ்டோர், ஃபைல் பெயர்; முடிந்தது. கிட் ஆர்எம் கொடுத்திருந்தால் இன்டெக்ஸிலிருந்தும் (அடுத்த கமிட்டுக்கான பட்டியல்) போயிருக்கும். ரீஸ்டோருடன் ஸ்டேஜ்டு (இன்டெக்ஸுக்கு), வொர்க்ட்ரீ (ஃபோல்டருக்கு) ஆப்ஷன் இரண்டையும் சேருங்கள்.

கே: அழித்ததைக் கமிட் செய்து மூன்று வாரமாகிறது. அந்தக் கமிட்டிலிருந்து ஃபைலை எடுக்க செக்அவுட் செய்தால் ஃபைலே இல்லை என்கிறது. (அம்பத்தூர்)

சரியாகத்தான் சொல்கிறது. அழித்த கமிட்டில் ஃபைல் எப்படி இருக்கும்? அதற்கு முந்தையது வேண்டும்: கிட் செக்அவுட், ஹாஷை (கமிட்டின் அடையாள எண்) ஒட்டி ^ குறி, பிறகு இடைவெளி, இரட்டைக் கோடு (--), இடைவெளி, ஃபைலின் பாதை. விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட் ^ குறியை விழுங்கிவிடும். அங்கே ~1 போடுங்கள்.

கே: கிட் கிளீன் கொடுத்ததில் புது ஃபைல்கள் போய்விட்டன. (பெருங்குடி)

வராது. கிட் ஆட் கொடுத்துச் சேர்க்காத ஃபைல் கிட்டுக்குத் தெரியவே தெரியாது. எடிட்டரின் லோக்கல் ஹிஸ்டரியில் தேடிப் பாருங்கள். இனி மைனஸ் என் போட்டு, எவை போகும் என்று பார்த்த பிறகே மைனஸ் எஃப்.

கே: 'பில்லிங்', 'பில்லிங்_புதுசு', 'பில்லிங்_கடைசி' மூன்றையும் ஒப்பிட வேண்டும். சுமார் 400 ஃபைலும் மாறியதாகக் காட்டுகிறது. (கிண்டி)

கிட்டை வைத்துக்கொண்டே ஃபோல்டரை நகலெடுப்பவர்களிடமிருந்து மாதம் தவறாமல் கடிதம் வருகிறது. கடைசி என்று பெயர் வைத்ததற்குப் பிறகும் இன்னொன்று வரும், பாருங்கள். நகலுக்குப் பதில் பிராஞ்ச் (கிட்டுக்குள் தனிக் கிளை) போட்டிருந்தால் கிட் டிஃப், இரண்டு பிராஞ்ச் பெயர், இரட்டைக் கோடு, ஃபோல்டர் பெயர் என்று ஒரே வரியில் வேலை முடிந்திருக்கும்.

இப்போதைக்கு, கிட் டிஃப்புடன் நோ-இன்டெக்ஸ் ஆப்ஷன் கொடுத்து இரண்டிரண்டு ஃபோல்டராக ஒப்பிடுங்கள். மூன்றையும் ஒரே தடவையில் ஏற்காது. பழையதை முதலில் எழுதுங்கள். வரிசை மாறினால், புதிதாகச் சேர்த்தது அழித்ததாகத் தெரியும். 400 ஃபைலும் மாறியிருக்க வாய்ப்பில்லை. யாரோ விண்டோஸில் சேமித்ததில் வரி முடிவுக் குறி மாறியிருக்கும். ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள்: எழுத்து ஒன்றுகூட மாறாமல் எல்லா வரியும் சிவப்பு, பச்சையாக இருந்தால் அதேதான். இக்னோர்-சிஆர்-அட்-இஓஎல் (வரி முடிவு வித்தியாசத்தை ஒதுக்க), ஸ்டாட் (சுருக்கப் பட்டியலுக்கு) ஆப்ஷன் இரண்டையும் சேர்த்தால் நிஜமான மாற்றம் மட்டும் தெரியும். எதையும் ஒன்றின்மேல் ஒன்று காப்பி செய்யுமுன் ஸ்டேட்டஸ் பாருங்கள். கமிட் ஆகாதது இருந்தால் கமிட் செய்யுங்கள்.

கே: காலி ஃபோல்டர் ஏன் புஷ் ஆகவில்லை (சர்வருக்குப் போகவில்லை)? (தரமணி)

கிட் ஃபைலைத்தான் பதியும். உள்ளே ஒரு ஃபைல் போடுங்கள்.