அக்கா மேடையேறியபோது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் 'ஜார்ஜியா' என்ற படத்தைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருந்தீர்கள். 1995இல் வந்த அமெரிக்கப் படம். தேடிப் பிடித்துப் பார்த்தேன். பார்த்து முடித்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அக்கா ஜார்ஜியா பெரிய பாடகி. கூட்டம் கூட்டமாக வந்து கேட்கிறார்கள். புருஷன், பிள்ளைகள், வீடு எல்லாம் ஒழுங்கு. தங்கை சேடிக்குக் குடி, ஹெராயின், ஊர் ஊராக அலைச்சல். குரலும் சுமார்தான். அவள் விழும்போதெல்லாம் அக்காதான் தூக்கி நிறுத்துகிறாள். ஆனால் உங்களையும் சேர்த்து எழுதுகிற எல்லாரும் சேடிக்குத்தான் உருகுகிறீர்கள். ஜார்ஜியாவை 'யாரோடும் ஒட்டாதவள்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். அவள் என்ன தப்பு செய்தாள்?

நான் குன்னூரில் ஆசிரியை. எங்கள் சர்ச் கொயரில் பத்தொன்பது வருடமாக ஆல்டோ, அதாவது பெண்களின் தணிந்த குரல் பகுதி, பாடுகிறேன். தம்பி என்னைவிட நான்கு வயது இளையவன், கீபோர்டு வாசிப்பான். மெல்லிசைக் குழுவில் சேர்ந்தான், குடியும் சேர்ந்துகொண்டது. அவனுடைய பைக் தவணை, ஆஸ்பத்திரிச் செலவு, அடகுக்குப் போன கீபோர்டை மீட்டது எல்லாம் நான்தான். அம்மா யாரோ கொடுத்த மாத்திரையைப் பொடி செய்து ரசத்தில் கலந்துகூடப் பார்த்தார். பலன் இல்லை.

இப்போது மூன்று மாதமாக அவன் தொடவில்லை. டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸுக்கு வாசிக்கிறேன் என்கிறான். அதோடு, "நீ பக்கத்துல நின்னா நான் வாசிக்க மாட்டேன்" என்றும் சொல்கிறான். இத்தனை செய்த அக்காவிடம் சொல்கிற வார்த்தையா இது?

பெயர் வேண்டாம்.
குன்னூர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ரசத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். படம் அப்புறம்.

அம்மாவுக்குக் கிடைத்த மாத்திரை அநேகமாக டைசல்ஃபிராமாக இருக்கும். நம் பக்கத்து வீடுகளில் சாம்பாரிலும் காப்பியிலும் கலப்பது பெரும்பாலும் அதைத்தான். உள்ளே போன மதுவை ஈரல் இரண்டு படியில் உடைக்கிறது. முதல் படியில் வருவது அசிட்டால்டிஹைடு, அது விஷம். அது அடுத்த படிக்குப் போகாதபடி இந்த மாத்திரை வழியை அடைத்துவிடும். அதற்கு மேல் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரிந்து ஆள் சுருண்டு விழுவார். இதயம் பலவீனமாக இருந்தால் உயிரே போகலாம். டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு தன் கையால் எடுத்து விழுங்குகிறவருக்குத்தான் அது மருந்து. உங்கள் வீட்டில் விபரீதம் ஒன்றும் நடக்காதது நல்ல நேரம். மிச்சம் இருந்தால் அம்மாவைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தம்பி ஒருவேளை மறுபடி தினசரிக் குடிக்குப் போய்விட்டால், அறையில் பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதற்கு அடுத்த நாட்களில் இல்லாத ஆளெல்லாம் கண்ணில் தெரிந்து புத்தி தடுமாறலாம். ஆஸ்பத்திரியில் வைத்து நிறுத்த வேண்டிய விஷயம் அது. யாரிடம் கேட்பது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சரி, படம்.

'ஒட்டாதவள்' என்று எழுதியது அவசரத்தில் எழுதியது. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் கடிதம் வந்த பிறகு இன்னொரு முறை உட்கார்ந்து பார்த்தேன். கதையை எழுதிய பார்பரா டர்னர், சேடியாக நடித்த ஜெனிஃபர் ஜேசன் லீயின் அம்மா. பெற்ற மகளுக்கே விழுந்துகொண்டிருக்கிற தங்கை வேடத்தை எழுதியவர், அக்காவுக்கு அநியாயம் நடந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதியிருப்பது இரண்டாம் முறைதான் என் கண்ணில் பட்டது. இயக்குநர் உலு குரோஸ்பார்டும் நாடக மேடையிலிருந்து வந்தவர், யார் பக்கம் நியாயம் என்று நமக்குக் கைகாட்டிவிடுவதில்லை. ஜார்ஜியாவாக வரும் மேர் வின்னிங்ஹாம் நிஜ வாழ்க்கையிலும் பாடகி. வாயைத் திறந்தால் சுருதி தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆஸ்கர் பரிந்துரையும் துணை நடிகைப் பிரிவில் அவருக்குத்தான் போனது, லீக்குக் கிடைக்கவில்லை. நியூயார்க் விமர்சகர்கள் லீயைச் சிறந்த நடிகை என்று சொல்லி ஏதோ ஈடுகட்டினார்கள். படத்துக்கு வெளியிலும் அக்காவுக்குத்தான் முன்வரிசை, பாருங்கள்.

(நம் ஊரில் 'சகோதரர்கள்' என்று சேர்ந்து பாடியவர்கள் எத்தனை பேர்! அதில் ஆலத்தூர் சகோதரர்கள் உடன்பிறந்தவர்களே அல்ல. சேர்ந்து பாட அது ஒரு சௌகரியமோ என்னவோ.)

நீங்கள் கேட்ட கேள்வி அந்த ஒரு மேடைக் காட்சியில்தான் வந்து நிற்கிறது. நிதி திரட்டுகிற ஒரு கச்சேரி. பெரிய கூட்டம். வட அயர்லாந்துப் பாடகர் வான் மாரிசனின் பாட்டு ஒன்றைச் சேடி எடுக்கிறாள். நிதானத்தில் இல்லை. குரல் கிழிகிறது, சொன்ன வரியையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள், நிறுத்தத் தெரியவில்லை. எட்டு நிமிடத்துக்கும் மேல் போகிறது, இயக்குநர் நமக்காகச் சுருக்கவில்லை. நாம் நாற்காலியில் நெளிகிறோம். கடைசியில் ஜார்ஜியா மேடைக்கு வந்து, கூடச் சேர்ந்து பாடிக் கரைசேர்க்கிறாள்.

முதல் முறை பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவ்வளவு மோசமாகப் பாடினாலும் அது சேடியின் எட்டு நிமிடம். அதையும் அக்கா வந்து எடுத்துக்கொண்டாளே என்று இருந்தது. இரண்டாம் முறை ஜார்ஜியாவின் முகத்தை மட்டும் பார்த்தேன். கூடப்பிறந்தவள் ஊர் முன்னால் அசிங்கப்படும்போது பக்கத்தில் நிற்கிறவள் வேறு என்னதான் செய்வாள்? காப்பாற்றுவதும் பிடுங்கிக்கொள்வதும் அங்கே ஒரே காரியமாக நடக்கிறது. எந்த இடத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஒன்று தெரியும், மற்றது மறையும்.

எனக்கு இது இவ்வளவு உறைத்ததற்குக் காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு ட்ரம்பெட். அப்பா செகண்ட் ஹாண்டில் வாங்கியது. பித்தளை குளிர்ந்துபோனால் சுருதி இறங்கிவிடும். கோத்தகிரிக் குளிரில் கேட்கவே வேண்டாம். அண்ணன் அதைக் கம்பளிக்குள் விட்டு அணைத்துச் சூடேற்றிவிட்டுத்தான் ஊத ஆரம்பிப்பான். பேண்ட் செட்டில் அவன் போனான், பின்னாலேயே நானும் போய்க் கற்றுக்கொண்டேன். 'மூத்தது மோழை, இளையது காளை' என்பது எங்கள் பாட்டியின் வாயில் தினமும் ஒருமுறை வந்துவிடும். அவள் வேடிக்கைக்குச் சொல்வாள். அண்ணனும் சிரிப்பான்.

பேண்ட் செட்காரர்களுக்குக் கூலியோடு பாட்டிலும் உண்டு. காசைக் குறைக்கிறவர்கள் பாட்டிலைக் கூட்டிக் கொடுப்பார்கள். மலையில் அதற்கு ஒரு நியாயமும் தயாராக இருக்கும்: குளிருக்குத்தானே! மது ரத்தத்தைத் தோலுக்கு இழுத்துவருவதால் சூடேறிய மாதிரி இருக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற சூடு அந்த வழியாகத்தான் வெளியே போகிறது. இதை அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டான்.

அருவங்காட்டில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. அண்ணன் மூன்றாவது பாட்டிலேயே தடுமாறிவிட்டான் (பாட்டு என்றும் வைத்துக்கொள்ளலாம், மற்றதாகவும் வைத்துக்கொள்ளலாம்). உதடு சேரவில்லை, சத்தம் வர வேண்டிய இடத்தில் காற்று வந்தது. யாரோ சிரித்தார்கள். நான் அவன் கையிலிருந்து ட்ரம்பெட்டை வாங்கி, விட்ட இடத்திலிருந்து எடுத்தேன். ஊதுகிற இடத்தில் அவன் எச்சில் இன்னும் ஈரமாக இருந்தது. அந்தப் பாட்டில் ஒரு மேல் சுரம் உண்டு, அவனுக்கு எப்போதுமே நழுவும். எனக்குச் சுத்தமாக நின்றது. விசில் பறந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என் சட்டையில் நூறு ரூபாய் நோட்டைக் குத்திவிட்டார். அண்ணன் மதில் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

'அன்றைக்கு நான் இல்லையென்றால் உன் மானம் போயிருக்கும்' என்று எத்தனையோ வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவனிடம் சொன்னது கொஞ்சம், மற்றவர்களிடம் சொன்னது நிறைய. அந்த விசில் எனக்குப் பிடித்திருந்தது என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. மேல் சுரத்தைத் தொடாமலே பாட்டை முடித்திருக்கலாம், கூட்டத்துக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. தொட்டேன்.

அதனால்தான் அவன் குடிகாரன் ஆனான் என்று சொல்ல வரவில்லை. அதற்கு முன்பே குடித்துக்கொண்டிருந்தான். படத்திலும் அக்கா சாதாரண ஆளாக இருந்திருந்தால் சேடி குடிக்காமல் இருந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் எழுந்து வருகிற வழியில் இந்தப் போட்டி வந்து குறுக்கே படுத்துக்கொள்கிறது. ஒருத்தர் விழுவதும் ஒருத்தர் தூக்குவதும் வீட்டில் பழகிப்போனால், தூக்குகிறவருக்கும் அதில் ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது. ஒருமுறை அண்ணன் நான்கு மாதம் நிறுத்தியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணியிடமிருந்து போன் வராதது எனக்கு என்னவோபோல் இருந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை என்று ஒன்று உண்டு. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கியது. அங்கே குடித்தவருக்குச் சிகிச்சை நடக்கும்போது வீட்டாருக்கும் தனியாக வகுப்பு உண்டு. முதலில் கேள்விப்பட்டபோது 'குடித்தது அவன், எனக்கு எதற்கு வகுப்பு?' என்றுதான் நானும் கேட்டேன்.

அண்ணன் இப்போதும் இருக்கிறான். முழுசாக விடவில்லை. 2022 மே மாதம் நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிற முறை வந்தது நினைவிருக்கும். காட்டில் கண்ணாடி கிடந்து யானைக் காலில் குத்தக் கூடாது என்பதற்காக. அண்ணன் மற்றவர்கள் வீசிவிட்டுப் போனதையும் பொறுக்க ஆரம்பித்தான். சாக்கில் போட்டால் ஒன்றோடொன்று மோதி உடைந்துவிடும் என்று ஒவ்வொன்றையும் பழைய காகிதத்தில் சுற்றி, குழந்தையைப் படுக்க வைப்பதுபோல அடுக்குவான். "மலையைச் சுத்தம் பண்றேன்டா, யானை என்னைக் கும்பிடும்" என்பான். அந்தப் பணம் எங்கே போகும் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். சிரித்துவிட்டோம். ரொம்ப நாளைக்கு அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதற்குத்தான்.

போன பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போனேன். சாலையிலிருந்து நாற்பது படி இறங்க வேண்டும். பாதிப் படியில் ட்ரம்பெட் சத்தம் கேட்டது. அவன் வாசிக்கிறான் என்பதே எனக்குத் தெரியாது. அண்ணி அப்புறம் சொன்னார்: "நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சா எடுத்து உள்ள வச்சிடுவாரு." அதே பாட்டு. மேல் சுரம் வந்தது, நழுவியது. மறுபடி எடுத்தான். மறுபடியும் நழுவியது. விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனான். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து, படியில் அசையாமல் நிற்கிற என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பாட்டு முடியும்வரை நான் இறங்கவில்லை.

"நீ பக்கத்துல நின்னா வாசிக்க மாட்டேன்" என்று உங்கள் தம்பி சொன்னதை நான் அந்தப் படியில் நின்றுதான் கேட்கிறேன். நன்றி கெட்ட பேச்சாக எனக்குப் படவில்லை. வாசிக்க விடுங்கள். தப்பாக வாசித்தால் தப்பாகவே வாசிக்கட்டும். கேரல் பாட்டில் ஒரு தப்புக் கட்டையை யார் கவனிக்கப் போகிறார்கள்? நீங்கள் கவனிப்பீர்கள். பத்தொன்பது வருட ஆல்டோ, காது சும்மா இருக்காது. அதனால் அன்றைக்குக் கொஞ்சம் தள்ளி, ஆண்களின் அடிக்குரலான பாஸ் பாடுகிற பெரியவர்களுக்குப் பின்னால் நில்லுங்கள்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வீடு வீடாகப் போகும்போது கேக்கோடு வரும் திராட்சை வைன். வீட்டில் செய்ததுதானே, ஒரு சின்ன டம்ளர்தானே, பண்டிகைதானே என்பார்கள். மூன்று மாதம் தாங்கியவனுக்கு அந்தச் சின்ன டம்ளர் போதும். போகிற வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லி, எல்லாருக்கும் வைனுக்குப் பதில் சுக்குக் காப்பி கொடுக்கச் சொல்ல முடியுமா என்று கொயர் மாஸ்டரிடம் பேசுங்கள். ஆனால் பேசுவதற்கு முன்னால் தம்பியிடம் கேளுங்கள், சொல்லட்டுமா என்று. அவன் வேண்டாம் என்றால் என்ன செய்வது? நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அவன் சொல்லவும் கூடும். ரசத்தில் ஒருமுறை மறைத்துக் கலந்தாயிற்று, இதையும் மறைத்துச் செய்ய வேண்டாம்.

கேரல் ரவுண்ட்ஸ் எந்தத் தேதி என்று எழுதுங்கள். கோத்தகிரியிலிருந்து கடைசி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நானும் வருகிறேன். உங்கள் தெருவில் படிக்கட்டு இருக்கிறதா?