90 வீதம் அகற்றினால் போதுமா?

கேள்வி: நகரக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமொன்று மாசுகளில் 90 வீதத்தை அகற்றுகிறதென்றால், அது வெளியேற்றும் நீரைக் கவலையின்றிக் கடலில் விடலாமா?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. சேதன மாசைக் காட்டும் உயிரியல் ஒட்சிசன் கேள்வி (அம்மாசை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஒட்சிசனின் அளவு), உள்ளே வரும்போது லீற்றருக்கு 200 மில்லிகிராமாக இருந்து 20 ஆகக் குறைந்தாலும், 500 இலிருந்து 50 ஆகக் குறைந்தாலும், அகற்றல் 90 வீதமே. ஆனால் இலங்கையில் உள்நாட்டு நீர்நிலைகளுக்கு விதிக்கப்பட்டுள்ள எல்லை 30 மில்லிகிராம் என்பதால், அங்கு விடுவதானால் முதலாவது தேறும், இரண்டாவது தேறாது; கடலுக்கான எல்லை வேறு.

கிருமிகளின் விடயத்தில் வீதக்கணக்கு இன்னும் மோசமாக ஏமாற்றும். 100 மில்லிலீற்றரில் ஒரு கோடி மலக் கோலிபோம் பற்றீரியாக்கள் இருந்தால், 99 வீதத்தை அகற்றிய பின்பும் ஒரு இலட்சம் எஞ்சும். அவற்றை நூறாகக் குறைக்க 99.999 வீதம் தேவை. மக்கள் குளிக்கும் உப்புவெளிக் கரைக்கு முதலில் கேட்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

மாதிரி எடுத்த விதத்தையும் விசாரியுங்கள். கழிவுநீர் தொட்டிகளுக்குள் பல மணிநேரம் தங்குவதால், ஒரே வேளையில் இரு முனைகளிலும் ஒவ்வொரு போத்தல் நிரப்பி ஒப்பிடுவது வெவ்வேறு நீரை ஒப்பிடுவதாகும். 24 மணிநேரமும் பாய்ச்சலின் அளவுக்கேற்பச் சேர்த்த கூட்டு மாதிரியே நம்பத்தக்கது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மழைநீர் கழிவுக் குழாய்களுக்குள் புகுந்தால் செறிவு தானாகவே குறைந்து, நிலையம் நன்றாக இயங்குவது போன்ற தோற்றத்தைத் தரும். ஆகையால் செறிவைப் பாய்ச்சலால் பெருக்கி, நாளொன்றுக்கு எத்தனை கிலோகிராம் வெளியேறுகிறது என்று பார்க்க வேண்டும்: 10,000 கன மீற்றர் நீரில் லீற்றருக்கு 20 மில்லிகிராம் என்றால் 200 கிலோகிராம், மழையால் நீர் இரட்டித்துச் செறிவு 10 ஆகினாலும் அதே 200 கிலோகிராம்தான்.

நைதரசனும் பொசுபரசும் வேறு கதை. சேதனப் பொருளை மட்டும் சிதைப்பதற்காக வடிவமைத்த நிலையத்திலிருந்து அவற்றின் பெரும்பங்கு தப்பிவிடும். திறந்த கடலைவிட, நிலம் சூழ்ந்த உட்துறைமுகம் போன்ற நீர்ப்பரப்பில் அவை பாசியைப் பெருக்கும் அபாயம் அதிகம்.

அகற்றப்பட்ட மாசு எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். அதில் கணிசமான பகுதி சேறாகத் தொட்டியின் அடியில் சேர்கிறது. அந்தச் சேற்றை எடுத்து எங்கு, எவ்வாறு அப்புறப்படுத்துகிறார்கள் என்ற பதிவு இல்லாத அறிக்கையை முழுமையானதென்று ஏற்க வேண்டாம்.