பந்திக்குப் போகலாமா, வேண்டாமா?

கேள்வி: எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை ஆராதனை, அதாவது இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் வாங்கும் பந்தி. அம்மாவின் நிலத்தைப் பிரிப்பதில் அண்ணனோடு தகராறாகி, இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அன்றிலிருந்து நான் பந்திக்குப் போவதில்லை. ‘அபாத்திரமாய்’ (தகுதியில்லாமல்) புசித்தால் ஆக்கினைத்தீர்ப்பு, அதாவது தண்டனை, என்று பைபிள் வசனம் சொல்கிறதே என்று பயம். அண்ணியோ மாதம் தவறாமல் போய் முழங்காற்படியிட்டு வாங்குகிறார். பார்த்தாலே வயிறு எரிகிறது. நான் செய்வது சரிதானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அண்ணியை விட்டுவிடுவோம். ‘எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து’ என்றுதான் அப்போஸ்தலன் பவுல் எழுதுகிறார். பக்கத்து பெஞ்சில் இருப்பவரைச் சோதிக்கும் வேலையை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. பந்திக்கு வராமல் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களைக் கணக்கெடுப்பது உங்கள் மனதுக்கு என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் பயப்படுகிற அந்த வசனம், கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய கடிதமான 1 கொரிந்தியர் 11-இல் வருகிறது. அதைத் தனியாகப் படிக்காமல் 17-ஆம் வசனத்திலிருந்து படியுங்கள். கொரிந்து சபையில் வசதி உள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிட்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். ‘ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் (குடிபோதையில் இருக்கிறான்)’ என்று பவுல் கொதிக்கிறார். கூட உட்கார்ந்திருப்பவனை ஒரு பொருட்டாக மதிக்காமல் கர்த்தருடைய பந்தியில் கை வைத்ததுதான் அங்கே குற்றம். நம் ஊரும் இதில் சளைத்ததல்ல. 19-ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சபைகளில் நற்கருணையிலும் சாதி பார்த்தார்கள். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வித்தியாசத்தை உடனே அடியோடு விட வேண்டும் என்று எழுதியபோது பலர் சபையை விட்டே போனார்கள்.

ஆக, உங்கள் சண்டை பந்திக்குச் சம்பந்தமில்லாத வீட்டு விஷயம் அல்ல. நீங்கள் தயங்கியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு வருடம்? பவுல் ‘சோதித்தறிந்து’ என்பதோடு நிறுத்தவில்லை. ‘இந்த அப்பத்தில் புசித்து’ என்று தொடர்கிறார். மத்தேயு 5-இல் இயேசுவும் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ, சகோதரனோடு ஒப்புரவாகு, பின்பு வந்து செலுத்து என்கிறார். நீங்கள் காணிக்கையை வைத்துவிட்டுப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். ஒதுங்கி இருப்பது பக்திபோலத் தெரியும். அண்ணன் வீட்டு வாசலுக்குப் போவதைவிட அது சுலபமும்கூட.

‘நான் போய் அவர் முகம் கொடுக்காவிட்டால்?’ என்று கேட்பீர்கள். திருநெல்வேலிச் சபைகளுக்கு ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) வழி வந்த 1662-ஆம் வருட ஜெபப்புத்தகம் இதை நேராகவே எடுத்துப் பேசுகிறது. பகையாயிருக்கும் இருவரில் ஒருவர் மனதார மன்னித்து, தான் செய்த தப்பையும் சரிசெய்ய முன்வந்து, மற்றவர் பிடிவாதம் பிடித்தால், முன்வந்தவரைப் பந்தியில் சேர்க்க வேண்டும் என்கிறது அதன் விதி. ரோமர் 12-இலும் ‘உங்களாலானமட்டும்’ எல்லாரோடும் சமாதானமாயிருங்கள் என்றுதான் இருக்கிறது. அண்ணனுடைய பங்குக்கு நீங்கள் பொறுப்பல்ல.

மன்னிப்பு என்றால் நிலத்தை எழுதிக்கொடுப்பது என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் பங்கை நியாயமாகக் கேட்கலாம், வக்கீல் வைத்தும் கேட்கலாம். அண்ணனைப் பற்றி ஊரில் என்ன சொன்னீர்கள், அவருக்கு ஒரு நஷ்டம் வந்தால் உள்ளுக்குள் சந்தோஷப்படுவீர்களா என்பது வேறு கணக்கு. நற்கருணைக்கு முந்தின சனிக்கிழமை இரவு அதைத்தான் பாருங்கள். தப்பு என்று தெரிந்ததை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், பொத்தாம்பொதுவாக ‘நான் பாவி’ என்று முடித்துவிட வேண்டாம்.

அதற்கு முன்பே, இந்த வாரத்திலேயே, அண்ணனுக்கு ஒரு போன் போடுங்கள். தனியாகப் பேசத் தயக்கமாக இருந்தால் உங்கள் ஆயரைக் கூட அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். அன்றைக்கு மட்டும் பத்திரப் பேச்சை எடுக்க வேண்டாம்.