விரிசல் விட்ட ரோடு பைக் சைக்கிளுக்குப் பதில் எது?

கேள்வி: ஏழு வருடம் ஓட்டிய அலுமினிய ரோடு பைக்கின் ஃபிரேமில், பெடல் அச்சுக்கு மேலே விரிசல். தினமும் வேளச்சேரி–சிறுசேரி, ஞாயிறன்று ஈ.சி.ஆரில் மாமல்லபுரம். எதை வாங்கலாம்?

பதில்: வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள், சூட்டில் பக்கத்து உலோகம் வலுவிழந்து அங்கேயே மறுபடி உடையும். ரேஸ் ஃபிரேம் வேண்டாம், நிமிர்ந்து உட்கார்ந்து நெடுந்தூரம் ஓட்ட ஏற்ற எண்டியூரன்ஸ் வகை எடுங்கள். கடையில் முதலில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைப் பாருங்கள்: 32 மி.மீ. டயர் நுழைந்து, மட்கார்டுக்கும் இடம் மிஞ்ச வேண்டும். பின்சக்கர அச்சருகே கேரியர் மாட்ட மரையுள்ள துளை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்; லேப்டாப்பை முதுகில் சுமந்தால் சட்டை தெப்பலாகிவிடும். மழைக்கு டிஸ்க் பிரேக். காலின் உள்பக்க நீளத்தை 0.66-ஆல் பெருக்கினால் ஃபிரேம் அளவு தோராயமாகக் கிடைக்கும்: 80 செ.மீ. என்றால் 53. கடற்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஞாயிறு திரும்பியதும் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.