‘பக்கத்தில்தான்’ என்கிறார்கள், எவ்வளவு பக்கம்?

விடுமுறை நெருங்குகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தீம் பார்க், ரிசார்ட் பற்றியவை. அவற்றையே எடுத்துக்கொண்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: மகன் அமெரிக்காவில் இருக்கிறான். நாங்கள் போகும்போது ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்கு நான்கு நாள் கூட்டிப்போகிறானாம். அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற ஓட்டல்தான் வேண்டும் என்கிறாள் மருமகள். பால்கனியில் நின்றால் ஒட்டகச்சிவிங்கி தெரியுமாம். ‘அது ஒரு மூலையில் கிடக்கிறது, வேண்டாம்’ என்று மகனின் நண்பர்கள் சொல்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு 6, 9 வயது. எனக்கு மூட்டுவலி. தூரத்தைப் பார்க்க வேண்டுமா? (வாசகி, தேவகோட்டை)

பதில்: ஆச்சி, மூலையில் இருப்பது உண்மைதான். டிஸ்னி வேர்ல்டை ஒரு பார்க் என்று நினைக்காதீர்கள். 1971-இல் திறந்த அந்த இடத்தின் பரப்பு ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர். உள்ளே நான்கு பெரிய பார்க்குகள், இருபதுக்கு மேல் ஓட்டல்கள். ‘வளாகத்துக்குள்ளேயே தங்குகிறோம்’ என்று சொல்லிக்கொண்டாலும், ஓட்டலுக்கும் பார்க்குக்கும் நடுவே காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்குப் போகிற மாதிரி ஒரு பயணம் இருக்கலாம்.

நீங்கள் சொல்லும் லாட்ஜ் 2001-இல் வந்தது. அதற்குப் பக்கத்தில் இருப்பது அனிமல் கிங்டம் பார்க் ஒன்றுதான், அதற்கும் நடந்து போக முடியாது. எங்கே போவதென்றாலும் பஸ். கட்டணம் இல்லை, ஆனால் வரும்வரை நிற்க வேண்டும். பிள்ளைகள் கேட்கப்போகிற கோட்டை இருப்பது அந்த நான்கு பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டத்தில், அது வடக்கு மூலை. ராத்திரி வாணவேடிக்கை முடிந்து, தூங்கிவிட்ட ஆறு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உங்கள் மகன் பஸ் வரிசையில் நிற்பதையும், பக்கத்தில் நீங்கள் மூட்டுவலியோடு நிற்பதையும் நினைத்துப் பாருங்கள். தூரம் என்றால் அதுதான்.

ஆனால் மருமகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஓட்டலைச் சுற்றி புல்வெளி, அதில் ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை எல்லாம் மேய்கின்றன. காலையில் காபியோடு உட்கார்ந்து பார்க்கலாம். அங்கே சானா என்று ஓர் உணவகம். ஆப்பிரிக்கச் சமையலோடு நம் நாட்டு ருசியும் உண்டு. ‘நான்’ ரொட்டியும் தொட்டுக்கொள்ள விதவிதமான சட்னியும் கிடைக்கும், சன்னலுக்கு வெளியே விலங்குகளும் தெரியும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த ஊரில் இது பெரிய ஆறுதல்.

நான் கேட்பது ஒன்றுதான். நான்கு நாளில் ஒரு நாளையாவது எந்தப் பார்க்குக்கும் போகாமல் ஓட்டலிலேயே கழிப்பீர்களா? கழிப்பீர்கள் என்றால் லாட்ஜ் போடுங்கள், தூரம் உறுத்தாது. நான்கு நாளும் காலையில் கிளம்பி ராத்திரி வந்து விழுவதுதான் திட்டம் என்றால் அந்தக் காசு வீண். மேஜிக் கிங்டத்தோடு மோனோரயில் தொடர்பு உள்ள ஓட்டல்கள் மூன்று இருக்கின்றன: கண்டெம்பரரி, பாலினீசியன், கிராண்ட் ஃப்ளோரிடியன். கண்டெம்பரரியிலிருந்து நடந்தே போய்விடலாம். அவையும் விலை அதிகம்தான், ஆனால் அந்த விலை உங்கள் முழங்காலுக்கு உதவும்.

லாட்ஜ் என்றே முடிவானால், புல்வெளி தெரிகிற அறைக்கும் சாதாரண அறைக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். விலங்குகளைப் பார்க்கப் பொது இடங்களும் உண்டு, எந்த அறையில் தங்குபவரும் அங்கே போய் நிற்கலாம். அதைத் தெரிந்துகொண்டு பணம் கட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ரிசார்ட் விளம்பரத்தில் ‘பார்க்குக்கு இலவச ஷட்டில்’ என்று போட்டிருக்கிறதே, நம்பலாமா? (பள்ளத்தூர்)

பதில்: போன் போட்டு, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பதிலில் மணி வராவிட்டால் வண்டி இல்லை.

கேள்வி: புக்கிங் தளத்தில் ஒரு ரிசார்ட் ‘பார்க்கிலிருந்து 2.1 கி.மீ.’ என்று காட்டுகிறது. விலை, பார்க்கை ஒட்டியுள்ள ரிசார்ட்டில் பாதி. எடுக்கலாமா? (புதுவயல்)

பதில்: இந்த ‘2.1’ எனக்கு ஆறாத விஷயம். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பல தளங்கள் காட்டுவது வான்வழித் தூரம், அதாவது காக்கை பறக்கிற தூரம். நடுவே கண்மாய் இருக்கிறதா, ரயில் பாதை இருக்கிறதா, நாலுவழிச் சாலையில் திரும்ப எத்தனை கிலோமீட்டர் தாண்டிப் போக வேண்டும், எதையும் அந்த எண் சொல்லாது. ‘அருகில்’ என்ற சொல்லுக்கு அளவு கிடையாது. ‘ஐந்து நிமிடத்தில்’ என்று போடுகிறவர் எந்த வண்டியில், எந்த நேரத்தில் என்று போடுவதில்லை. அரிசி மூட்டையில் கால் கிலோ குறைந்தால் எடை போட்டுப் பிடிக்கிறோம். தூரத்தில் பத்து கிலோமீட்டர் குறைத்துச் சொன்னால் ‘சரி, வந்துவிட்டோம்’ என்று இருந்துவிடுகிறோம். அந்தப் பத்து கிலோமீட்டருக்கும் தினமும் இருமுறை காசு கொடுப்பது நாம்தான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நாங்கள் ஐந்து பேர், வெளி மாநிலத்தில் ஒரு தீம் பார்க். ‘2 கி.மீ.’ என்று பார்த்து இரண்டு ராத்திரிக்கு அறை போட்டேன். போய்ச் சேர்ந்ததும் வரவேற்பில் இருந்தவர் சன்னல் வழியாகக் கையை நீட்டி, ‘அதோ தெரிகிறதே’ என்றார். தெரிந்தது. ராட்சத ராட்டினம் விளக்கோடு சுற்றிக்கொண்டிருந்தது. நடுவே பெரிய ஏரி. சாலை அந்த ஏரியைச் சுற்றிப் போனது, 11 கிலோமீட்டர். அன்று ராத்திரி சின்னவனுக்குக் காய்ச்சல். ரிசார்ட் கடையில் சிப்ஸ் இருந்தது, தொப்பி இருந்தது, நீச்சல் கண்ணாடி இருந்தது, பாராசிட்டமால் இல்லை. ஆப்பில் வண்டி காட்டவில்லை. ரிசார்ட் காரை எடுத்தோம். மருந்துக்கடைக்குப் போய்வர 1,400 ரூபாய், மருந்து 32 ரூபாய். ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு என் மனைவி விடியும்வரை உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து வரைபடத்தைத் திறக்காமல் நான் அறை போட்டதில்லை.

நீங்களும் திறங்கள். சாலை வழி, காரில், காலை 9 மணி என்று போட்டுப் பாருங்கள். அப்புறம் அதே வரைபடத்தில் மருந்துக்கடை, சாதாரண சாப்பாட்டுக் கடை இரண்டையும் தேடுங்கள். பிறகு கணக்கு. பாதி விலையில் மிச்சமாகும் பணத்திலிருந்து தினமும் போகவர வண்டிக் காசைக் கழியுங்கள். ரிசார்ட்டைத் தவிர வேறு சாப்பாடு இல்லை என்றால் அந்த வித்தியாசத்தையும் கழியுங்கள். கையில் ஏதாவது நின்றால் எடுங்கள்.

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறை வரியோடு 7,770. 7,600 ரூபாய் அறை 8,968. இருநூறு ரூபாய் வித்தியாசம் என்று நினைத்தது கிட்டத்தட்ட ஆயிரத்து இருநூறாகிவிடும்.

கேள்வி: ஆஃபர் ராத்திரி 12 மணியோடு முடிகிறது என்றதால் இருபதாயிரம் ரூபாய் கட்டி ஒரு ரிசார்ட்டில் மூன்று நாள் போட்டுவிட்டேன். ரத்து செய்தால் பணம் திரும்பாத ரேட். இப்போதுதான் பார்க்கிறேன், சுற்றிலும் ஒரு கடைகூட இல்லை. பணத்தைத் திரும்ப வாங்க வழி உண்டா? (காரைக்குடி)

பதில்: இல்லை. அவர்கள் எதையும் மறைக்கவில்லை. முகவரி இருந்தது, வரைபடம் இருந்தது, ‘பணம் திரும்பாது’ என்றும் எழுதியிருந்தது. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். இருபதாயிரம் ரூபாய்க்கு ஒரு வரைபடத்தைப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாதா? தேதியை மாற்றித் தருவார்களா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். போவதானால் பிள்ளைகளுக்கு முறுக்கும் சீப்புச் சீடையும் டப்பாவில் கட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: பெங்களூரு சுற்றுலா. மைசூர் சாலையில் உள்ள தீம் பார்க்குக்குப் பக்கத்திலேயே அறை என்று டிராவல்ஸ்காரர் வாட்ஸ்ஆப்பில் எழுதித் தந்தார். எட்டுப் பேருக்கு 64,000 ரூபாய் கட்டினோம். கொண்டுபோய் இறக்கியது ஒயிட்ஃபீல்டில். பார்க்குக்குப் போகவே இரண்டரை மணி நேரம். என் அப்பத்தா அழுதுவிட்டார். கேட்டால் ‘பெங்களூருதானே’ என்கிறார். (கண்டனூர்)

பதில்: படித்ததும் மனது கஷ்டப்பட்டது. தவறு உங்களுடையது இல்லை. நீங்கள் கேட்டு, அவர் எழுத்தில் உறுதி தந்து, அதை நம்பித்தான் பணம் கட்டினீர்கள். ஒயிட்ஃபீல்டு நகரத்தின் கிழக்கு, மைசூர் சாலை தென்மேற்கு. ஊர் தெரிந்த எந்த டிராவல்ஸ்காரரும் இதைத் தெரியாமல் செய்ய மாட்டார். இது சேவைக் குறைபாடு.

அந்த வாட்ஸ்ஆப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், படம் பிடித்து வேறு இடத்திலும் வையுங்கள். பணம் கட்டிய ரசீது, ஓட்டல் பில், அங்கே சொந்தமாக வண்டி பிடித்திருந்தால் அந்தக் கணக்கு எல்லாம் வேண்டும். முதலில் அவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: என்ன சொன்னார், என்ன தந்தார், எவ்வளவு திருப்பித் தர வேண்டும், 15 நாள் கெடு. கூடவே 1915-க்கு அழையுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். பல பேர் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார்கள்.

வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பெங்களூருக்கு அலைய வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், உங்களுக்கு அது சிவகங்கை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். அப்பத்தா பட்ட சிரமத்தையும் மனுவில் எழுதுங்கள், மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்கலாம். முடிவு என்ன ஆனாலும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போகிறோம். கெந்திங் மலைக்கு ஒரே நாளில் போய்வந்துவிடலாம், மேலே தங்குவது வீண் என்கிறார் அங்குள்ள உறவினர். (கோட்டையூர்)

பதில்: உறவினர் சொல்வது பாதி சரி. நகரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான், பஸ் உண்டு, பாதியிலிருந்து கேபிள் கார். ஆனால் இடம் 1,800 மீட்டர் உயரம். 2022-இல் திறந்த ஸ்கைவேர்ல்ட்ஸ் பார்க் திறந்தவெளி. மழையும் மூடுபனியும் வந்தால் சவாரிகளை நிறுத்துவார்கள். ஒரு நாளில் போய்வருபவருக்கு அப்படி இரண்டு மணி நேரம் போனால் போனதுதான். மேலே அறை இருந்தால் போய்ப் படுத்துவிட்டு, வெளுத்ததும் வரலாம். பார்க்குக்காகப் போகிறீர்கள் என்றால் ஒரு ராத்திரி தங்குங்கள். குளிரையும் கேபிள் காரையும் பார்க்கத்தான் என்றால் பகலில் போய்விட்டு, திரும்பும்போது பத்துமலையில் முருகனைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். தங்குவதானால் இன்னொன்று: ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஓட்டலில் அறைகள் மட்டும் 7,351. விடுமுறை நாளில் சாவி வாங்கும் வரிசையை யோசித்து, பெரியவர்களுக்கு ஒரு ஸ்வெட்டரைக் கைப்பையிலேயே வையுங்கள்.

கேள்வி: தீம் பார்க்கில் 20 ரூபாய்த் தண்ணீர் பாட்டிலுக்கு 60 வாங்கினார்கள். சரியா? (சிங்கம்புணரி)

பதில்: உணவகத்தில் உட்கார்ந்து, கொண்டுவந்து வைத்தால் எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடையில் எடுத்துக் கொடுத்து அப்படி வாங்கினால் தவறு. பில்லோடு 1915-இல் புகார் செய்யுங்கள். பில் இல்லையா? அடுத்த முறை கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ‘உங்கள் எண்ணுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, ரிசார்ட்டில் மூன்று நாள் இலவசம், கணவன் மனைவியாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று மதுரையிலிருந்து போன். போகலாமா? (திருப்பத்தூர்)

பதில்: போகாதீர்கள். நான் போனேன். மூன்று மணி நேரம் எழவிடாமல் பேசி, ஒரு லட்சத்துக்கு மேல் உறுப்பினர் கட்டணம் வாங்கினார்கள். கேட்ட தேதியில் ஒரு தடவைகூட அறை கிடைத்ததில்லை. ஒரே ஒருமுறை கிடைத்த இடம் பஸ் நிற்கும் இடத்திலிருந்து 26 கிலோமீட்டர். அந்தப் பணத்தை என் மனைவி சீட்டுப் போட்டுச் சேர்த்திருந்தார்.

கேள்வி: சென்னையிலிருந்து எழுதுகிறேன். செட்டிநாட்டில் ஒரு பழைய வீட்டு ஓட்டலில் இரண்டு நாள் தங்க ஆசை. காரைக்குடி ஊருக்குள் எடுப்பதா, தள்ளியிருக்கும் கிராமத்தில் எடுப்பதா?

பதில்: கிராமத்தில் எடுங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், காலையில் வெயில் இறங்குவதைப் பார்க்கத்தானே வருகிறீர்கள், அதைச் சத்தமில்லாத ஊரில் பாருங்கள். இங்கே தள்ளியிருப்பது குறையில்லை. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆட்டோ கிடைப்பது சிரமம், பல வீடுகளில் ராத்திரிச் சாப்பாட்டை மத்தியானமே சொல்லிவிட வேண்டும். ஒரு சாப்பாடு என்ன விலை என்பதை அறை போடும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். ரயிலில் வந்தால் எந்த நிலையத்தில் இறங்குவது, வண்டி அனுப்புவார்களா என்பதையும் கேளுங்கள். கானாடுகாத்தான் பக்கம் என்றால் செட்டிநாடு என்றே ஒரு நிலையம் இருக்கிறது, எல்லா ரயிலும் அங்கே நிற்காது.